விளிம்பு வழி

குழந்தைகளின் மூளையில் ஏதாவது கோளாறா என்று பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். நான் மூளை வைத்தியர் இல்லை, மானிடவியல் படித்தவள் என்று பதில் அனுப்பினேன். "அதுவும் பரவாயில்லை, வாருங்கள்" என்றார்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த நேரம். முழங்கால் வலி வேறு. ஊர் ஊராகப் போய், யாரோ செய்துவைத்த குளறுபடிக்கு நாகரிகமான விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற வேலை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. ஆனாலும் போனேன். வீட்டில் உட்கார்ந்து மட்டும் என்ன செய்யப் போகிறேன்?

எண்ணூருக்கு வடக்கே, கடல் உள்ளே வந்து விழுங்கிவிட்ட குப்பங்களின் மேல் மிதந்துகொண்டிருந்தது மிதவை நகர். ஒவ்வொரு வீடும் தனி மிதவை. பக்கத்து மிதவைகளோடு கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். வீட்டின் முன்னால் நாலடி அகலத்தில் ஒரு தளம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு முன்தட்டு என்று பெயர். தெரு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒருவர் முன்தட்டைத் தாண்டி அடுத்தவர் முன்தட்டு, அதைத் தாண்டி அதற்கடுத்தது என்றுதான் எங்கேயும் போகவேண்டும்.

படகுத்துறையில், என்னை அழைத்திருந்த மிதவை நகர் வாரியத்தின் அதிகாரி ஆதிமூலம் டீயோடு காத்திருந்தார். நல்ல மனிதர்தான். எதைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இந்த ஊர் ஒரு இடத்துல நிக்காது மேடம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் மாறும். அதுக்குத் தக்கபடி வீடுகளை மாத்தி மாத்தி அடுக்கணும், இல்லேன்னா ஒரு பக்கம் இழுத்துப் பிச்சுக்கிட்டுப் போயிடும். கம்ப்யூட்டர் பாத்துக்குது. ஜனங்க அதுக்கு அடுக்கின்னு பேர் வச்சிட்டாங்க."

"அப்போ நேத்துப் பக்கத்து வீடு இன்னிக்குப் பக்கத்து வீடு இல்ல."

"இல்ல. பெரியவங்களுக்குக் கவலையில்ல, இது இருக்கு." மணிக்கட்டில் இருந்த மெல்லிய வளையத்தைக் காட்டினார். "வழிக்காப்பு. எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் லேசா அதிரும். கண்ண மூடிக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்."

"குழந்தைங்களுக்கு?"

"ஆரம்பத்துல அதுங்களுக்கும் கட்டினோம். நாலஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா, காப்பைக் கழட்டினதும் கட்டில்லேருந்து பாத்ரூமுக்கு வழி தெரியாம அழுவுதுங்க. பெரிய ரகளையாயிடுச்சு. பத்து வயசு வரைக்கும் கட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க." பெருமூச்சு விட்டார். "அப்புறம் ஒரு பையன் தனியா வந்து தண்ணியில விழுந்துட்டான். அதுக்கப்புறம்தான் இந்தச் சோதனை. அஞ்சு வயசானதும் இந்தத் துறையில கொண்டாந்து விடுவோம். சங்கு ஊதறதுக்குள்ள தானா வீடு போய்ச் சேரணும். மூணு வாய்ப்பு. மூணும் தவறினா கரையில இருக்கற விடுதிக்கு அனுப்பிடுவோம். காப்பு கட்டற வயசு வந்ததும் திரும்பி வரலாம்."

"அஞ்சு வருஷம் அம்மாவ விட்டுட்டா?"

"பாதுகாப்புக்குத்தானே மேடம்." அவர் டீயைக் குடித்து முடித்தார். "பெரும்பாலான புள்ளைங்க அடுக்கின மறுநாளே ஊர மனப்பாடமா சொல்லுதுங்க. எப்படின்னு தெரியல. சிலதுங்க மட்டும் தவறுதுங்க. ஏன்னும் தெரியல. அதத்தான் நீங்க பாத்துச் சொல்லணும்."

குழந்தைகளிடம் வடக்கு தெற்கு என்று கேட்டால் சிரித்தார்கள். ஊரை வரையச் சொன்னால் மீனும் பேயும் வரைந்தார்கள். "உன் வீடு எங்கே?" என்று ஒரு பொடியனைக் கேட்டேன். "வஞ்சிரம் வூட்ட தாண்டினா சக்கரவள்ளிக் கெழங்கு வூடு, அத்தத் தாண்டினா நாங்க" என்றான். எனக்கு அது விளங்க அடுத்த அடுக்கல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுக்கல் முடிந்த காலையில் ஊர் முழுக்க அடுப்பு எரிந்தது. எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்றைச் சமைத்து, புதிதாகப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் போட்டு அனுப்பினார்கள். எடுத்துப் போவது வீட்டின் கடைக்குட்டி. பெரியவர்கள் போனால் உட்காரவைத்துப் பேசவேண்டும், குழந்தை போனால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்பதுதான் காரணம். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரமாட்டார்கள், அவர்கள் வீட்டில் செய்தது எதையாவது போட்டுத் தருவார்கள். வரும் வழியில் குழந்தை அதில் விரலை விட்டு நக்கிக்கொண்டே வரும். மத்தியானத்துக்குள் அதன் நாக்குக்கு ஊர் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் முன்தட்டில் கால் வைக்கும் முன் "போறேங்க!" என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்து "போ கண்ணு" என்று பதில் வரும். பதில் வந்தபிறகுதான் தாண்டலாம். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பேச வந்த உடனேயே எல்லாக் குழந்தைகளும் இதைத்தான் சொல்கின்றன.

எனக்கு வெகுநாள் கழித்துச் சந்தோஷமாக இருந்தது. முழங்கால் வலிகூட மறந்துபோனது. துறையை ஒட்டியிருந்த என் விருந்தினர் மிதவைக்குப் பக்கத்தில் இருந்த பிளோராவின் வீட்டில்தான் தினமும் காலைப் பலகாரம். "இந்தக் கொழந்தைங்க கிண்ணத்துலயா பாடம் படிக்குதுங்க? இதுக்கா உங்கள கூட்டியாந்தாங்க?" என்று கேலி செய்துகொண்டே இன்னொரு வடையை என் தட்டில் போடுவாள்.

அந்த நாட்களில்தான் கோமளா என்னைத் தேடி வந்தாள். முன்தட்டில் ஏறவில்லை. விருந்தினர் மிதவையின் பின்பக்கம், தண்ணீர் ஓரமாக நின்று கூப்பிட்டாள்.

"மேடம், எம் பொண்ணு சுபிதா ரெண்டு தபா பெயிலாயிட்டா. வர்ற வாரம் கடைசி தபா. எம் பொண்ணு மக்கு இல்ல மேடம். நீங்க ஒரு தபா வந்து பாத்தா உங்களுக்கே தெரியும்."

அவள் யாரென்று எனக்குத் தெரியும். மிதவை நகரில் மண் கிடையாது. இறந்தவர்களைக் கரைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். அந்தப் படகை ஓட்டுபவள் கோமளா. முன்பு சட்டைக்குக் காலர் தைக்கும் கம்பெனியில் இருந்தாளாம். புருஷன் போன இடம் தெரியவில்லை. இந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை என்பதால் அவளுக்குக் கிடைத்தது. அவள் வீடும் எந்த அடுக்கலிலும் ஊரின் வெளிவிளிம்பில்தான், அந்தப் படகுக்குப் பக்கத்தில்.

மாலையில் போனேன். சாப்பிடச் சொன்னாள். கெழங்கா மீன் குழம்பு, அருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். சுபிதா எனக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் புத்தம்புதிதாக ஒரு அடுக்குக் கிண்ணங்கள் இருந்தன.

"எங்க வூட்டுக் கிண்ணம் ஒடையவே ஒடையாது மிஸ்," என்றாள்.

"அப்படியா? ஏன்?"

"எங்கயும் போவாதே."

கோமளா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஊருக்குப் பத்துப் பதினைந்து வயதுதான் இருக்கும். அதற்குள் ஒரு சாதியைச் செய்து முடித்திருந்தார்கள். அடுக்கிக்குக்கூட அது தெரிந்திருக்கிறது.

விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிண்ணம் போகாத வீட்டுக் குழந்தைக்கு ஊர் எப்படித் தெரியும்? திறக்காத கதவுகளை வைத்து எந்தக் குழந்தை பூகோளம் படிக்கும்? பாவம், சுபிதாவுக்கு வழி தெரியாததில் ஆச்சரியமில்லை என்று அன்றிரவே அறிக்கைக்கு வரிகளை யோசித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை பிளோரா வீட்டு முன்தட்டுக்கு முன்னால் நின்று வழக்கம்போல் "போறேங்க!" என்றேன். உள்ளே வடை பொரியும் வாசனை. பிளோரா வாசல்வரை வந்து, என்னைப் பார்த்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு அடுப்பே பத்த வெக்கல மேடம்," என்றாள்.

நான் கோமளா வீட்டில் சாப்பிட்ட செய்தி எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்திருந்தது. மறுபக்கத்து வீட்டு முன்தட்டுக்கு முன்னாலும் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. கிழவி நான், அரசாங்க விருந்தாளி, நேராக நடந்து போனால் ஒரு ஆள்கூட வாயைத் திறந்திருக்கமாட்டார். ஆனால் கால் எழவில்லை. பல வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்குக் கால் எழவில்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பசியோடு திரும்பி, வீடுகளின் பின்பக்கமாக, ஊரின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடும் ஒடுக்கமான பலகையில் நடந்தேன். பழுதுபார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டது அது. கைப்பிடிகூட இல்லை. அதன் இந்தப் பக்கம் வெள்ளைக்கோடு, அந்தப் பக்கம் தண்ணீர்.

எதிரே சுபிதா வந்துகொண்டிருந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ பாடிக்கொண்டு.

"நீயும் இந்தப் பக்கமா மிஸ்?" என்றாள், என்னைச் சேர்த்துக்கொண்ட சந்தோஷத்தில்.

"நீ இங்க என்ன பண்ற?"

"கடைக்குப் போயிட்டு வரேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது பிளோரா அத்த வூட்டுப் பின்னாடி, மீன் கழுவின தண்ணி இங்கதான் ஊத்துவாங்க, பாத்து, வழுக்கும். இது தாத்தா இருமுற வூடு. இந்த வூட்ல பாப்பா பொறந்துகீது, துணி நெறய காயுது."

"விளிம்புல இருக்கற வீடு சரி. நடுவுல இருக்கறதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். "மேல தண்ணித்தொட்டி தெர்தே மிஸ். செவப்புத் தொட்டி சேகர் வூடு. அப்பால மூடி ஒடஞ்சது, அது டீச்சர் வூடு. போன தபா டீச்சர் வூடு அந்தாண்ட இருந்துச்சு." போன அடுக்கலில் எது எங்கே இருந்தது, அதற்கு முந்தியதில் எங்கே என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். கிண்ணம் தூக்கிய எந்தக் குழந்தையும் எனக்கு அவ்வளவு சொல்லவில்லை. அவர்களுக்குத் தங்கள் வீட்டைச் சுற்றியிருப்பது தெரியும். இவளுக்கு ஊர் முழுவதும் தெரிந்திருந்தது.

நான் பலகையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"சுபிதா, சோதனையில நீ எப்படிப் போன?"

"இப்டித்தான். வூட்டுக்கே போயிட்டேன் மிஸ். ரெண்டு தபாவும் போயிட்டேன். ஆனா பெயிலுன்னுட்டாங்க."

கோமளாவிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "அதான் தெரிஞ்சதாச்சே. பின்ன வேற எப்டிக்கா வருவா?" என்றாள். அன்றுதான் முதல்முறையாக என்னை அக்கா என்றாள்.

ஆதிமூலத்திடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வெள்ளைக்கோட்டைத் தாண்டினா வழி தவறின குழந்தைன்னுதான் அடுக்கி எடுத்துக்கும் மேடம். அந்தப் பையன் விழுந்ததே அங்கதான்."

"அவ வழி தவறல சார். உங்க ஊர்ல அவளுக்கு இருக்கறது அந்த ஒரு வழிதான்."

"அவளை யாராவது தடுத்தாங்களா?"

"தடுக்கல. 'போ கண்ணு'ன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"அதுக்கு நான் என்ன நடவடிக்கை எடுக்க முடியும், சொல்லுங்க? அந்தம்மாவ ஒரு புகாராவது குடுக்கச் சொல்லுங்க."

கோமளா மறுத்துவிட்டாள். "புகார் குடுத்தா, ஒத்துப்போவாத வூடுன்னு அந்த மெஷினு இன்னும் தள்ளி வெச்சிடும்க்கா. இதுக்குமேல தள்ளினா கடல்தான்."

கடைசியில் ஆதிமூலம் தன்னால் முடிந்ததைச் செய்தார். சோதனை நாளில் எந்தக் குழந்தையையும் யாரும் தடுக்கக் கூடாது என்று எல்லார் காப்புக்கும் உத்தரவு அனுப்பினார். நானும் நிம்மதியடைந்தேன். சுபிதாவைக் கூப்பிட்டு, நாளைக்கு விளிம்புப் பக்கம் போகக் கூடாது, நேராக முன்தட்டு வழியாகப் போ, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று பலமுறை சொன்னேன். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவள் முகம் ஏன் வாடியது என்று நான் யோசிக்கவில்லை.

சோதனையன்று காலை வெயில் நன்றாக அடித்தது. சுபிதாவைத் துறையில் கொண்டுவந்து விட்டார்கள். புதுப் பாவாடை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவும் நானும் தள்ளி நிற்கவேண்டும், பேசக் கூடாது. முதல் முன்தட்டே பிளோராவுடையது. பிளோரா வாசலில்தான் நின்றிருந்தாள். பக்கத்து முன்தட்டுகளிலும் ஜனங்கள் வந்து நின்றார்கள்.

"போறேங்க!" என்றாள் சுபிதா.

யாரும் தடுக்கவில்லை. உத்தரவை எல்லோரும் மதித்தார்கள். ஓரமாக ஒதுங்கி வழிகூட விட்டார்கள்.

அவள் நின்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "போறேங்க!" என்றாள். பதில் வராமல் கால் வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்தது அவளுக்கும் தெரியும். பிளோராவைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். பிளோரா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள், உதடு ஒருமுறை அசைந்தது, பிறகு உள்ளே போய்விட்டாள். கோமளா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். போ கண்ணு என்று நானாவது கத்தியிருக்கலாம். ஆனால் அது என் வீடு இல்லையே, நான் சொன்னால் அவளுக்குச் செல்லாது.

மூன்றாவது முறை சுபிதா கூப்பிடவில்லை. திரும்பினாள். வெள்ளைக்கோட்டைத் தாண்டி, விளிம்புப் பலகையில் ஏறி, கையில் செருப்போடு வேகமாக நடந்தாள். சங்கு ஊதுவதற்கு வெகு முன்பே வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முறையும் தவறியதாக அடுக்கி சொன்னது.

சாயங்காலம் பிளோரா என்னிடம் வந்து அழுதாள். "எங்கப்பாவ அந்தப் படகுலதான் மேடம் கொண்டுபோனாங்க. அவ மூஞ்சியப் பாத்தா அந்த நாளுதான் ஞாபகம் வருது. சொல்லணும்னுதான் நெனச்சேன். வாயில வரல." அவளைத் திட்டவேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கும் வாயில் வரவில்லை.

சுபிதாவைக் கரைக்குக் கொண்டுபோக வாரியப் படகு வரும் என்றார்கள். கோமளா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் படகையே கழுவித் துடைத்தாள். நானும் கூட ஏறினேன். வழியெல்லாம் கோமளா கரையையே பார்த்து ஓட்டினாள். சுபிதா மட்டும் திரும்பித் திரும்பி ஊரைப் பார்த்து, தண்ணீர்த்தொட்டி நிறத்தை வைத்து வீடுகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தொட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அவளும் கரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

விடுதி கரையிலிருந்து கொஞ்ச தூரம். பெரிய இரும்புக் கேட், உள்ளே சிமெண்டு முற்றம், அதற்கப்பால் குழந்தைகள் கத்தும் சத்தம். கேட் திறந்தே கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாட்ச்மேன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கோமளா மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அஞ்சு வருஷம், அதற்கு முன் சுபிதா அழப்போகிற அழுகை, அதை நான் பார்க்கவேண்டும் என்று நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தேன்.

சுபிதா கேட்டுக்கு வெளியே நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போறேங்க!" என்றாள்.

வாட்ச்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போ கண்ணு, உள்ள போ," என்றார், கடலையை வாயில் போட்டுக்கொண்டு.

சுபிதா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, சொல்லிட்டாரும்மா!" என்று கத்தினாள். கோமளாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, முற்றத்தின் ஓரமாக இல்லை, நட்ட நடுவாக, செருப்புகளை ஆட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கோமளா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோ சீக்கிரம் போயிடுவான்னு நான் நெனைக்கலக்கா," என்றாள்.